மூன்றாவது பிளக்

ஜூலை 10, வியாழன்.
இன்று ஒரு சிறிய தவறு. வகுப்பில் இருக்கும் பழைய இன்ஜினின் குளோ பிளக்குகளைச் சோதித்து வரிசை எண் போட்டேன். கியர் பெட்டிப் பக்கத்திலிருந்து எண்ணிவிட்டேன். விசிறி பெல்ட் இருக்கும் பக்கம்தான் ஒன்று. அதனால் என் பட்டியல் முழுவதும் தலைகீழ். ஜைத் சார் பார்ப்பதற்கு முன் நானே கண்டுபிடித்தேன். அழிக்கவில்லை, கோடு போட்டுத் திருத்தினேன். போன ஞாயிறு செல்வராணி அக்கா வேனிலும் இதே பக்கத்திலிருந்துதான் எண்ணினேனா என்று தெரியவில்லை. நாளை பார்க்க வேண்டும்.

எழுதியதை அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கும் பழக்கம் பிரவீனாவுக்கு வேலையிடம் கொடுத்தது. செனாய் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்குத் தரச் சோதனை வேலை. வாரத்தில் இரண்டு மாலை கூலாயில் டீசல் பராமரிப்பு வகுப்பு. வகுப்புக்கென்று வாங்கிய நோட்டில் முதலில் பாடத்தை மட்டும்தான் எழுதினாள். பிறகு செய்த தவறுகளும் வந்து சேர்ந்தன. கேட்டைப் பூட்டினோமா என்று இரண்டு முறை திரும்பிப் பார்க்கிறவர்கள் உண்டு. பிரவீனா மூன்றாம் முறையும் பார்த்துவிட்டு, பார்த்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறவள். இருபத்துமூன்று வயதுக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்று அவளுக்கே தெரியும்.

செல்வராணி இரண்டு வீடு தள்ளி இருந்தாள். திங்கள், புதன், வெள்ளி விடியற்காலையில் பண்டார் தெங்காராவிலிருந்து கூலாய் டயாலிசிஸ் நிலையத்துக்கு நோயாளிகளை ஏற்றிப் போகும் வேன் அவளுடையது. பிரவீனாவின் அப்பா ஐயாசாமியும், அடுத்த வரிசையில் குடியிருக்கும் ஆரிஃபாவும் தாமான் குடியிருப்பிலேயே ஏறுவார்கள். இன்னும் இரண்டு பேர் செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் காத்திருப்பார்கள். வேனுக்கு வயது பிரவீனாவைவிட இரண்டு கூட.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பழைய இன்ஜினுக்கு அந்தச் சூடு தானாக வந்துவிடாது. பென்சில் தடிமனில் சிலிண்டருக்கு ஒன்றாக முறுக்கி வைத்திருக்கும் குளோ பிளக் சிவக்கப் பழுத்து முதல் சூட்டைக் கொடுக்க வேண்டும். செல்வராணியின் வேனில் நான்கில் மூன்று செத்துப் போயிருந்தன. எத்தனை வருஷமாக என்று அவளுக்கே நினைவில்லை.

அதற்கு அவள் வேறு வழி வைத்திருந்தாள். அந்த வேனில் இன்ஜின் முன்பக்கத்துப் பயணி இருக்கைக்கு அடியில் இருந்தது. செல்வராணி இருக்கையைத் தூக்கிச் சாய்த்து, காற்றுக் குழாயைக் கழற்றி, அதன் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பாள். டீசலைவிடப் பல மடங்கு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் சரக்கு அது. அவள் அடிக்கும்போது ஐயாசாமி ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்புவார். ஆரிஃபா பின்னாலிருந்து பிஸ்மில்லா சொல்லுவாள். இந்த மூன்றும் வரிசையாக நடந்தால் வண்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பும்.

"தெனம் மூணு பேரு சேந்து பிரசவம் பாக்குறோம்" என்பார் ஐயாசாமி.

"புள்ள பொறந்ததும் பொகையப் பாத்தீங்களா? அப்பன மாதிரியே" என்பாள் செல்வராணி. ஐயாசாமி சிகரெட்டை விட்டு ஆறு வருஷம் ஆகியும் அவள் விடவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி புதன்கிழமை விடியலில் நல்ல மழை. பிரசவம் நாற்பது நிமிஷம் இழுத்தது. நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐயாசாமியின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதே இயந்திரத்தில் அடுத்த நோயாளிக்கு நேரம் குறித்திருந்ததால் நான்கு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம்தான் கிடைத்தது. வெளியேற வேண்டிய நீர் முழுதும் வெளியேறவில்லை. முகம் ஊதி வீட்டுக்கு வந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. அன்று பிரவீனா நோட்டில் எழுதியது ஒரே வரி: அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்.

தாமான் முனையிலிருந்த வர்க்‌ஷாப்பில் செல்வராணி முன்பே கேட்டிருந்தாள். ஒரு வாரம் வண்டியை விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் அசையாமல் இருந்த பிளக் கழற்றும்போது பாதியில் முறிந்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டி வரும் என்றார்கள்.

"ஒரு வாரம் வண்டிய விட்டுட்டு? இவங்க ரத்தத்த நா என்ன டீ வடிகட்டியிலயா வடிகட்டுறது?" என்று போன வாரமே பிரவீனாவிடம் சொல்லியிருந்தாள். "நீதான் அந்தப் படிப்புப் படிக்கிறியே. நீ பாரு."

"நா இன்னும் பாதிகூட முடிக்கலக்கா."

"பாதி தெரிஞ்சவ போதும். என் வண்டியும் பாதிதான் ஓடுது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் பிரவீனா இருக்கையைத் தூக்கிப் பார்த்தாள். பயந்தது சரிதான். போன ஞாயிறு வேனின் பிளக்குகளைச் சோதித்தபோதும் கியர் பெட்டிப் பக்கத்திலிருந்துதான் எண்ணியிருக்கிறாள். உயிரோடு இருப்பது ஒன்று இல்லை, நான்கு. நோட்டில் கோடு போட்டுத் திருத்தினாள். ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டு விட்டாள். சனிக்கிழமை காலையிலும் விட்டாள். ஜைத் சார் வகுப்பில் சொன்னதை ஒரு தாளில் எழுதி இருக்கையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மட்டும். முப்பத்தைந்து நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக் கூடாது. முப்பத்தைந்தில் அசையவில்லையென்றால் சற்று முறுக்கும் பக்கம் திருப்பி, மறுபடி கழற்றும் பக்கம். எண்ணெய். பொறுமை. அதற்கும் வரவில்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமை செல்வராணி கூலாய் பாசாருக்குப் போய்த் திரும்பினாள். வண்டி அனலாக வந்து நின்றது. பிரவீனா கையுறை போட்டுக்கொண்டு நான்கு பிளக்குகளையும் இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றினாள். முதல் பிளக் இருபத்திரண்டில் கிரீச்சென்று குரல் கொடுத்து இளகியது. இரண்டாவதுக்கு முப்பது வேண்டியிருந்தது. நான்காவது வெண்ணெயில் வைத்த கத்தி மாதிரி வந்தது. வெளியே வந்த மூன்றையும் பழைய துணியில் வரிசையாக வைத்தாள். நுனிகள் கரி பிடித்து, ஒன்று வீங்கி, பார்க்கவே நோயாளியாக இருந்தன.

மூன்றாவது அசையவில்லை.

அது ஒரு எண்ணெய்க் குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கையும் கண்ணும் ஒரே நேரத்தில் போகாத இடம். முப்பத்தைந்து வரை ஏற்றினாள். நிறுத்தினாள். முறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. மறுபடி. எண்ணெய். இருபது நிமிஷம் காத்திருந்தாள். மூன்றாம் சுற்றில் கடிகார முள் ஒரு நிமிஷம் நகர்கிற அளவுக்கு நகர்ந்தது. பிறகு பிடித்துக்கொண்டது.

செல்வராணி குடத்தில் சிராப் தண்ணி கலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். "என்னாச்சு, பிடிவாதம் பண்ணுதா?"

"வர மாட்டேங்குதுக்கா."

"நானா இருந்தா நீளமா ஒரு பைப்ப மாட்டி ஒரே இழு."

"ஒடைஞ்சிரும்."

"உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா லா?"

"ஒடைஞ்சா திங்கக்கெழம வண்டி போகாது. அதான் சொல்றேன்."

செல்வராணி குவளையை நீட்டினாள். பிரவீனா குழாய்க்குப் பின்னால் விரலை விட்டு அந்தப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது. அவளால் முடியவில்லையா, யாராலும் முடியாதா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. வேறு ஒருத்தர் கையில் இதே ரெஞ்சு இதே முப்பத்தைந்தில் வேலை செய்திருக்குமோ? ரெஞ்சை நேராகப் பிடித்தோமா? கோணலாகப் பிடித்தால் அளவு பொய் சொல்லும் என்று படித்த ஞாபகம் இருந்தது.

கழற்றிய மூன்றையும் அன்று மாலையே திரும்ப முறுக்கி வைத்திருந்ததால், ஞாயிற்றுக்கிழமை காலை செல்வராணி வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக் கொடுத்தாள். மறுபடி மூன்று சுற்று. மறுபடி அதே இடத்தில் பிடித்தது. பிரவீனா ரெஞ்சைக் கீழே வைத்தாள். மற்ற மூன்றையும் மறுபடி கழற்றி, துளைகளைத் துடைத்துச் சுத்தம் செய்து, புதுப் பிளக்குகளை முதலில் விரலாலும் பிறகு அளவோடு ரெஞ்சாலும் முறுக்கினாள். பட்டையை மாட்டினாள். மூன்றாவது இடத்தில் பழையது, செத்தது, அப்படியே இருந்தது. நான்காவது புதுப் பிளக் பெட்டியோடு அவள் கைப்பையில் இருந்தது.

செய்த வேலையில் பிசகு இல்லை. விட வேண்டிய இடத்தில் விட்டிருக்கிறாள். நான்கில் மூன்று வேலை செய்தால் அந்த இன்ஜினுக்கு இந்த ஊர்க் குளிருக்குப் போதும். அவள் அதை அப்படியே சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

நாலு மணிக்கு, இன்ஜின் ஆறிய பிறகு, சாவியைப் பாதி திருப்பிப் பத்து வரை எண்ணிவிட்டுக் கிளப்பினாள். முதல் திருப்பிலேயே வண்டி எழுந்தது. இருமல் இல்லை. சத்தம் கேட்டு ஐயாசாமி சாரோங்கை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய் தைத்த இடது கையை எப்போதும்போல் நெஞ்சோடு அணைத்திருந்தார். ஆரிஃபா கையில் பொட்டலத்தோடு வந்தாள். மகன் ஆதம் கடையில் பொரித்த கறிபாப் பலகாரம் அது.

"அலமாக். தொட்டதும் எந்திரிச்சிருச்சே" என்றாள் ஆரிஃபா. "இனிமே நா ஓதாட்டியும் போவும் போல."

"நீங்க ஓதுங்க, அதுக்கு டீசல் செலவாவாது" என்றாள் செல்வராணி.

ஐயாசாமி வேனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். முகத்தில் புதன்கிழமை வீக்கம் வடிந்திருந்தது. "ராப் பள்ளிக்கூட மெக்கானிக்கு, பாத்தீங்களா? எம் பொண்ணு" என்று ஆரிஃபாவிடம் சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "நாலும் மாத்தியாச்சா?"

பிரவீனா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"முடிஞ்சிருச்சுப்பா" என்றாள்.

அன்று மாலை செல்வராணிக்கு ஒரு தாள் எழுதினாள். புதுப் பிளக் வந்தபின் வண்டி கிளப்பும் முறை வேறு. செத்த பிளக்குகளோடு பழகிய செல்வராணி வருஷக்கணக்கில் காத்திருந்ததே இல்லை. சாவியை நுழைத்ததும் ஒரே திருப்பு. ஆகவே நோட்டில் முதலில் நான்கு வரி எழுதிப் பார்த்தாள். ஒன்று, சாவியைப் பாதி திருப்பவும். இரண்டு, மஞ்சள் விளக்கு அணைந்தாலும் பத்து வரை எண்ணவும். மூன்று, பிறகு கிளப்பவும். நான்காவது வரி நீளம்: கிளம்பாவிட்டால் மறுபடி பத்து எண்ணவும், மூன்றாவது பிளக் மாற்றப்படவில்லை, ஸ்பிரே அடிக்கவே கூடாது, புதுப் பிளக் நெருப்பாகச் சிவந்திருக்கும்.

நல்ல தாளில் எழுதும்போது நான்காவது வரியில் கை நின்றது. இதைப் படித்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது பற்றிச் சொல்லாமல் ஸ்பிரே பற்றி மட்டும் எழுதலாம். ஆனால் "கிளம்பாவிட்டால்" என்று ஆரம்பித்தாலே, ஏன் கிளம்பாது என்று செல்வராணி அக்கா கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பிளக்கை இன்னொரு தடவை பார்த்து, கழற்றி, மாற்றிவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. மூன்று நாள்தானே. வண்டிதான் முதல் திருப்பிலேயே கிளம்புகிறதே.

மூன்று வரியோடு தாளை மடித்துக் கொடுத்தாள். செல்வராணி அதை வேனின் முன்பலகையில் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டினாள்.

திங்கட்கிழமை விடியலிலும் மழை. ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு ஐயாசாமி குடை பிடித்துக்கொண்டு போய் வேனில் ஏறினார். பிரவீனாவுக்கு ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே வெளிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்தாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது, உடனே, இடைவெளி இல்லாமல்.

எண்ணவில்லை என்று பிரவீனாவுக்குப் புரிந்தது. அக்கா பழைய மாதிரியே ஒரே திருப்பாகத் திருப்புகிறாள்.

டப்பாவை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். மழைக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் செல்வராணி வேனின் இடது பக்கம் இறங்கி நின்றிருந்தாள். முன்னிருக்கை தூக்கிச் சாய்த்திருந்தது. ஐயாசாமி ஓட்டுநர் இருக்கைக்கு மாறியிருந்தார். அவர் முன்னால் குனிந்து, முருகன் படத்துக்குக் கீழிருந்த தாளைப் படிப்பது தெரிந்தது. உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். மகள் எழுதிய வரியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் செல்வராணி காற்றுக் குழாயை இழுத்துவிட்டு, வலது கையில் டப்பாவைக் குலுக்கினாள்.

பிரவீனா செருப்பில்லாமல் ஓடினாள். "அக்கா, அடிக்காதீங்க" என்று அவள் சொன்னது மழையில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை.

பத்து முடிந்தது. செல்வராணி அடித்தாள். ஐயாசாமி சாவியைத் திருப்பினார்.

வெடித்த சத்தம் மழையையே நிறுத்தியது போலிருந்தது. குழாயின் வாயிலிருந்து நீலமும் மஞ்சளுமாக ஒரு தீ நாக்கு வெளியே வந்து அப்படியே மறைந்தது. காற்று வடிகட்டியின் மூடி தெறித்துக் கால்வாயில் விழுந்தது. செல்வராணி பின்னால் சாய்ந்து ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். டப்பா உருண்டு போனது. வேனுக்குள்ளிருந்து ஆரிஃபாவின் குரல் யா அல்லா என்று ஒரே ஒரு தரம் கேட்டது.

அப்பாவைப் பார்த்தாள். அவர் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே காயமில்லை. மூச்சுதான் மேலும் கீழுமாக இழுத்தது. "சாவிய எடுங்கப்பா. எறங்கி அந்தாண்ட போங்க" என்றாள். அவர் கேட்டார். பிறகு செல்வராணியைத் தூக்கி நிறுத்தி, வாசல் குழாயடிக்கு நடத்திப் போனாள்.

வலது கையில் மணிக்கட்டு வரை தோல் சிவந்திருந்தது. வலப் புருவம் பாதி இல்லை. முன்னால் தொங்கிய முடி கருகிச் சுருண்டிருந்தது. கண்ணை மூடித் திறக்கச் சொன்னாள். இரண்டு கண்ணும் தெரிகிறது என்றாள் செல்வராணி. பல் விளக்கும் பசையை எடுத்துக்கொண்டு ஆரிஃபா ஓடி வந்தாள். பிரவீனா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து, கையை ஓடும் தண்ணீரில் பிடித்தாள்.

ஆரிஃபா மகனைக் கூப்பிட்டாள். ஆதம் கடையைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தவன், பத்து நிமிஷத்தில் காரோடு வந்தான். அவனோடு ஐயாசாமி, ஆரிஃபா, முச்சந்தியில் நிற்கும் இரண்டு பேர். ஐந்து பேருக்குமேல் அந்தக் காரில் இடமில்லை. ஏறும்போது ஐயாசாமி செல்வராணியைத் திரும்பிப் பார்த்தார்.  

கார் போனது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்றாள் செல்வராணி. "இத்தன வருஷம் அடிச்சேன். ஒரு நாளும் இப்படி ஆவல."

"இத்தன வருஷம் பிளக் சூடாவலக்கா. இப்ப சூடாவுது. சூடா இருக்கும்போது அடிச்சா உள்ள போறதுக்கு முந்தியே பத்திக்கும்."

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

செல்வராணி கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. பிரவீனா பிடித்திருந்த பிடியிலிருந்து மட்டும் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நோட்டுல எழுதி வச்சிருந்தேன். தாள்ல எழுதல" என்றாள் பிரவீனா. சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "மூணாவது பிளக் வரலக்கா. அத மாத்தல. அப்பா கேட்டப்ப முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன். அத மறைக்கத்தான் இதையும் எழுதல."

"மூணாவது வரலன்னு எனக்குத்தான் தெரியுமே. நா பக்கத்துலதான குந்தியிருந்தேன்."

"ஞாயித்துக்கெழமயும் வரல. வந்திருச்சுன்னு நெனச்சிருப்பீங்க."

"நெனச்சேன்." செல்வராணி பாதிப் புருவத்தோடு அவளைப் பார்த்தாள். "வரலன்னா வரலன்னு சொல்றதுக்கு என்னா? நா உன்ன அடிக்கவா போறேன்? நீ கேட்டப் பூட்டுறதக்கூட எழுதி வைக்கிறவ. எனக்கு வேணுங்கிற ஒரு வரிய மட்டும் விட்டுட்ட."

பிரவீனா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"என் கை போனா போவுது. அந்த மூடி இந்தப் பக்கம் தெறிச்சதால தப்பிச்சோம். அந்தப் பக்கம் தெறிச்சிருந்தா? உங்கப்பா உக்காந்திருந்தாரு."

"தெரியும்க்கா."

"தெரியும் தெரியும்ங்கிற. நேத்துச் சொல்லியிருக்கணும் லா."

எட்டு மணிக்குக் கிளினிக் திறந்தது. பிரவீனா தொழிற்சாலைக்குச் செய்தி அனுப்பிவிட்டுச் செல்வராணியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாள். மேல் தோல் காயம்தான், பத்து நாளில் ஆறிவிடும் என்று சொல்லி மருந்து வைத்துக் கட்டினார்கள். ஒரு வாரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம் என்றார்கள். திரும்பும் வழி முழுக்க செல்வராணி பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் பிரவீனாவின் ஓட்டும் வேகத்தைக் கிண்டல் செய்யாமல் அவளால் ஒரு கிலோமீட்டர் வர முடியாது.

ஐயாசாமி பகல் பன்னிரண்டரைக்கு ஆதமின் காரிலிருந்து இறங்கினார். மூன்றேகால் மணி நேரம்தான் கிடைத்தது. எடை முழுசாக இறங்கவில்லை. தாதி திட்டினாளாம். நாற்காலியில் உட்கார்ந்து, மகள் கொடுத்த அரைக் குவளைத் தண்ணீரை அளந்து குடித்தார்.

"செல்வராணிக்கு எப்படி இருக்கு?"

"கட்டுப் போட்டிருக்காங்க. பத்து நாளாவும்."

"கண்ணு?"

"கண்ணு நல்லாருக்குப்பா."

அவர் தலையை ஆட்டினார்.  "மெஷின்ல படுத்திருந்தப்ப பூரா அதே நெனப்பு. சாவியப் போட்டது நாந்தான். எண்ணாம சும்மா திருப்பியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது போல. வழக்கமா திருப்புற மாதிரி திருப்பியிருக்கணும். பேப்பரப் பாத்து எண்ணிட்டேன். ஒரு பொம்பளப் புள்ள மூஞ்சியக் கருக்கிட்டேன்."

பிரவீனா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நீங்க இல்லப்பா. நா எழுதினதத்தான் செஞ்சீங்க. நா எழுதினதுல கொற."

"என்ன கொற?"

"நாலும் மாத்தியாச்சான்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"மூணுதான் மாத்தினேன். ஒண்ணு வரல. ஸ்பிரே அடிக்கக் கூடாதுன்னு எழுதணும். எழுதினா மூணாவது விஷயமும் தெரிஞ்சிரும்னு எழுதல."

ஐயாசாமி காலிக் குவளையைக் கீழே வைத்தார். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று பிரவீனா நினைத்தாள். அவர் கோபப்படவில்லை.

"நா எல்லார்கிட்டயும் நாலு நாலுன்னு சொல்லிட்டேனே" என்றார். பிறகு, "போய் செல்வராணிக்கு சோறு எடுத்துட்டுப் போ. ஒரு கையால எப்படிச் சமைப்பா" என்றார்.

சாப்பாட்டோடு போனபோது செல்வராணி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். முனை வர்க்‌ஷாப் ராஜசேகரன். நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பார்க்கும்வரை சாவி போடக் கூடாது. புதன்கிழமை ஆதம் தன் காரில் நால்வரையும் கூட்டிப் போக ஒத்துக்கொண்டிருக்கிறான். அதற்கடுத்த நாட்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

"நீயும் வா" என்றாள் செல்வராணி, தட்டை இடது கையால் வாங்கிக்கொண்டே.

"வரேன்."

"வந்து நின்னுட்டுப் போறதுக்கு இல்ல. நீ என்னென்ன பண்ணினன்னு நீயே அவன்கிட்ட சொல்லு. நா சொன்னா பாதி தப்பா வரும். எல்லாத்தையும் சொல்லு."

"சொல்றேங்க்கா."

"முருங்கக்கா சாம்பாரா?" என்றாள் செல்வராணி, மூடியைத் திறந்து பார்த்து. பிரவீனா தலையாட்டினாள். 

ஜூலை 14, திங்கள்.
செல்வராணி அக்காவின் வலது கை வெந்தது. காரணம் நான் எழுதாமல் விட்ட வரி. அப்பாவுக்கு மூன்றேகால் மணி நேரம்தான் கிடைத்தது. இன்ஜினுக்கு உள்ளே சேதம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஊகிக்கக் கூடாது.

நாளை, செவ்வாய். காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலைக்குத் தொலைபேசி செய்து மேலும் ஒரு நாள் விடுப்பு கேட்க வேண்டும். பத்து மணிக்கு ராஜசேகரன் வருவார். கழற்றிய மூன்று பழைய பிளக்குகளையும் பயன்படுத்தாத புதியதையும் அவரிடம் கொடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு மாற்றப்பட்டவை. மூன்றாவது பழையது. சனியும் ஞாயிறும் ஆறு சுற்று, முப்பத்தைந்து வரை முறுக்கியிருக்கிறேன். அந்தப் பிளக்கில் விரிசல் இருக்கலாம். அதை அவர் இன்ஜினில் கை வைப்பதற்கு முன் சொல்ல வேண்டும்.